ஜுரம் என்று கேட்ட புயல்

ஐப்பசி பிறந்துவிட்டது. நம் சங்கத்துக் குடும்பங்களில் பாதிக்குமேல் தீபாவளிக்கு ஊர் செல்லும் ஆயத்தத்தில் இருக்கின்றன. பயணத்திற்கு வேண்டிய குறிப்புகளை எழுதுமாறு அன்பர் சிலர் கேட்டிருந்தனர். அவற்றைப் பிறிதொரு திங்களில் எழுதுவோம். அதனினும் முந்தி எழுதவேண்டிய பொருள் ஒன்று உண்டு. ஐப்பசியும் கார்த்திகையும் வங்கக் கடலில் புயல் எழும் திங்கள்கள். ஹௌராவிலிருந்து சென்னை செல்லும் இருப்புப்பாதையோ பாலேசுவரம், கட்டாக், பெர்காம்பூர், விசாகப்பட்டினம், விஜயவாடா, நெல்லூர் என்று, அப்புயல்கள் கரையேறும் நாட்டின் ஊடாகவே செல்கிறது. ஆகவே நம்மவர் வாழும் ஊருக்கும் பிறந்த ஊருக்கும் மட்டுமன்றி, இடைப்பட்ட வழிக்கும் புயல் பொதுவாகிறது.

புயலைப் பற்றி எழுதுமுன் நம்முடைய அறியாமை ஒன்றை ஒப்புக்கொள்வதே முறை.

2020-ஆம் ஆண்டு மே திங்கள். கொரோனாத் தொற்றினால் நாடெங்கும் ஊரடங்கு. நாம் கொல்கத்தாவிற்கு மாற்றலாகி வந்து ஓராண்டுகூட நிறையவில்லை. அலுவலகத்தில் இந்தியையும் சிறிது ஆங்கிலத்தையும் கொண்டு காலம் தள்ளினோம். வங்கமொழி காதில் விழுமேயன்றிக் கருத்தில் படாது. தாழ்வான தெரு ஒன்றில், கீழ்த்தளத்தில் குடியிருப்பு. இல்லத்தில் நம் மனைவியார், எட்டுத் திங்கள் நிறைந்த ஆண்குழந்தை, பேரனைக் காண வந்து வண்டிகள் நின்றுபோனமையால் ஊர் திரும்ப இயலாது தங்கிவிட்ட நம் அன்னையார் ஆகியோர்.

மே 19-ஆம் நாள் காலையில் ஆட்டோ வண்டி ஒன்று ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தெருவில் வந்தது. விரைந்த வங்கப் பேச்சில் ‘ஜொர்’ என்னும் ஒரு சொல் மட்டும் மீண்டும் மீண்டும் காதில் விழுந்தது.

“என்னடா சொல்கிறான்?” என்று அன்னையார் கேட்டார்.

“ஜுரம் பரவுகிறதாம், அம்மா. யாரும் வெளியே வரவேண்டாம் என்கிறான்” என்று விடையிறுத்தோம். நம் ஜுரத்தை வங்காளிகள் ‘ஜொர்’ என்பர் என்பதை மருந்துக்கடையில் கற்றிருந்தோம். இரண்டு திங்களாக இத்தகைய வண்டிகள் தொற்றைப் பற்றித்தான் அறிவித்து வந்தன. ஆகவே ஐயம் எழவில்லை.

‘ஆம்பன்’ என்னும் புயல் கடலில் இருப்பதை நாம் அறியாதிருந்தோம் அல்லோம். தமிழ்த் தொலைக்காட்சியில் நாள்தோறும் கண்டுவந்தோம். அதனால் தமிழ்நாட்டிற்கு ஆபத்தில்லை என்று செய்தியில் கூறினர். அன்னையார் முருகனை நோக்கிக் கைகூப்பினார். நாமும் மகிழ்ந்தோம். நாம் தமிழ்நாட்டில் இல்லை என்பது அவ்வேளையில் எவருக்கும் உறைக்கவில்லை!

மறுநாள் 20-ஆம் தேதி பிற்பகலில் ஆம்பன் சுந்தரவனத்தை ஒட்டிக் கரையேறியது. அந்திப்பொழுதில் கொல்கத்தாவில் காற்று மணிக்கு 110 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வீசிற்று. மின்சாரம் அறுந்தது. கைப்பேசியும் அடங்கிற்று. தெருவில் நின்ற பெரிய மரம் ஒன்று சாய்ந்த ஓசையில் வீடு அதிர்ந்தது. மூவரும் சுவரோரமாக அமர்ந்திருந்தோம். குழந்தை மட்டும் தரையில் விரித்த பாயில் உறங்கிக்கொண்டிருந்தது. பாயின் ஓரம் நனைவதை அன்னையார்தாம் முதலில் கண்டார். குழந்தையை வாரி எடுத்த சிறிது நேரத்திற்கெல்லாம் நீர் கணுக்காலைத் தொட்டது, பின்னர் முழங்காலை எட்டியது. கதவைத் திறந்தால் தெருநீர் முழுதும் உள்ளே வந்துவிடுமோ என்று அஞ்சி, திறக்காமல் நின்றோம்.

அப்போது கதவு தட்டப்பட்டது. மேல்மாடியில் வாழும் வங்காள மூதாட்டியார் கையில் விளக்கோடு படிக்கட்டில் நின்றார். நாம் அவரை ‘மாஷிமா’ என்று அழைப்பதுண்டு. தாயின் உடன்பிறந்தாள் என்பது பொருள். அண்டை வீட்டாரைத் தொடவும் மக்கள் அஞ்சிய அத்தொற்றுக் காலத்தில், அவ்வம்மையார் ஒரு சொல்லும் வினவாது குழந்தையைத் தம் கையில் வாங்கிக்கொண்டு மேலே நடந்தார். நாங்கள் பின்சென்றோம். அவ்விரவு அவர் வீட்டில் கழிந்தது.

பொழுது விடிந்ததும் மாஷிமா கேட்டார்: “கீழ்த்தளத்தில் இருப்போர் பொருள்களை உயர்த்தி வைத்துவிட்டு மேலே போய்விடுங்கள் என்று அந்த வண்டியில் சொன்னார்களே, கேட்கவில்லையா?”

ஜுரம் என்றல்லவா கேட்டது என்றோம். அவர் சிரித்துவிட்டார். ஜுரம் ‘ஜொர்’, புயல் ‘ஜொட்’. புயலைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்தை மூச்சை அழுத்தி ஒலிக்கவேண்டும். இறுதியெழுத்தை நாவை மடித்து ஒலிக்கவேண்டும். விரைந்து பேசுங்கால் அவ்விறுதி நம் செவிக்கு ரகரமாகவே படும். முதலில் உள்ள மூச்சொலியோ தமிழ்ச் செவிக்குப் பழக்கமில்லாதது. ஆக, ஒரு மூச்சு வேறுபாட்டில் நம் குழந்தையை இழக்க இருந்தோம்.

கட்டிலடியில் இருந்த பெட்டியில் நம் பள்ளியிறுதிச் சான்றிதழும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழும் கூழாகிக் கிடந்தன. அவற்றை மீண்டும் பெற்றுக்கொண்டோம். மேற்கு வங்கத்தில் அப்புயலுக்கு ஏறத்தாழ நூறு பேர் இரையாயினர். அவர்களை மீண்டும் பெறுவாரில்லை.

அதன்பின் புயலைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கினோம். படிக்கப் படிக்க ஒன்று தெளிவாயிற்று. புயலில் மக்கள் மடிவது பெரும்பாலும் காற்றினால் அன்று, நீரினால். அந்நீரினின்று தப்புவதும் தப்பாததும், முன்னறிவிப்பு மக்களை எட்டியதா, எட்டியபின் மக்கள் அதற்கு இணங்கினரா என்பதைப் பொறுத்தே அமைகின்றன.

நீர் எவ்வாறு கொல்கிறது? கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 26, 27 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமுற்றிருக்குங்கால், அதன் நீராவியையே உணவாகக் கொண்டு புயல் வளர்கிறது. நடுவே காற்றழுத்தம் குறைய, சுற்றிலும் உள்ள காற்று சுழன்று பாய்கிறது. அக்காற்று கடல்நீரைக் கரைநோக்கித் தள்ளுகிறது. வங்கக் கடலின் வடபகுதி புனலைப் போன்று குறுகியது, ஆழமும் குறைவு. தள்ளப்பட்ட நீர் பரவ இடமின்றி ஓங்கி, மேடற்ற கழிமுக நிலத்தின்மேல் ஏறிவிடுகிறது. இதனை அலை என்பது பொருந்தாது. கடலே சில மணி நேரம் ஊருக்குள் குடிவருகிறது என்பதே பொருத்தம்.

உலகெங்கும் வழங்கும் ‘சைக்ளோன்’ என்னும் சொல் நாம் வாழும் இந்நகரிலேதான் பிறந்தது என்பதை அன்பர்களுள் எத்தனை பேர் அறிவர்? ஹென்றி பிடிங்டன் என்பவர் ஆங்கிலேயர். கடலோடியாக இருந்து, பின்னர்க் கல்கத்தாவில் தங்கி, கப்பல் விபத்துகளை ஆராயும் மன்றத்தின் தலைவராக விளங்கினார். புயலில் சிக்கிய கப்பல்களின் நாட்குறிப்புகளைப் பொறுமையுடன் தொகுத்து, காற்று பாம்பின் சுருளைப் போலச் சுழல்கிறது எனக் கண்டு, 1848-இல் மாலுமிகளுக்கென எழுதிய நூலில் கிரேக்கச் சொல்லினின்று இப்பெயரை ஆக்கினார்.

அவருடைய கதையில் நமக்குப் பாடம் உண்டு. ஹூக்ளி ஆறு தூர்ந்துவருகிறது என்று அஞ்சிய அந்நாளைய அரசினர், தெற்கே மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் காண விழைந்தனர். 1853-இல் பிடிங்டன் கவர்னர் ஜெனரலுக்குக் கடிதம் எழுதினார். அவ்விடத்தில் துறைமுகம் அமைத்தால் என்றேனும் ஒரு நாள் புயலோடு வரும் கடல்நீர் அதனை அழித்துவிடும் என்பது அக்கடிதத்தின் சாரம். கேட்பாரில்லை. துறைமுகம் எழுந்தது, கானிங் எனப் பெயர் பெற்றது. 1860-களின் தொடக்கத்தில் கல்கத்தாவிலிருந்து அதற்கு இருப்புப்பாதையும் போடப்பட்டது. பிடிங்டன் 1858-இலேயே காலமானார்.

1864 அக்டோபர் 5-ஆம் நாள் கல்கத்தாவைத் தாக்கிய பெரும்புயலில் ஹூக்ளி வழியே ஏறிய கடல்நீர் ஏறத்தாழ 60,000 உயிர்களைக் கொண்டது என்பர். மூன்றாண்டு கழித்து, 1867 நவம்பரில் மற்றொரு புயல் வந்து கானிங் துறைமுகத்தைச் சிதைத்தது. சில ஆண்டுகளில் அத்துறைமுகம் கைவிடப்பட்டது. பாதை மட்டும் எஞ்சியது. இன்றும் சியால்தாவிலிருந்து கானிங் வண்டி புறப்படுகிறது. நம் இல்லங்களில் பணிபுரியும் மகளிர் பலர் விடியற்காலையில் அவ்வண்டியில்தான் வருகின்றனர். அதில் ஏறுவோர், இது கேளாத எச்சரிக்கையின் நினைவாக நிற்கும் பாதை என்று ஒருமுறை எண்ணிப்பார்க்கலாம். 1864-இன் அழிவும் அதன்பின் வந்த பஞ்சங்களும் அரசினரைத் தூண்ட, 1875-இல் இந்திய வானிலைத் துறை கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றியது.

கானிங்கில் எச்சரிக்கை இருந்தது, கேட்பார் இல்லை. தனுஷ்கோடியிலோ கேட்பார் இருந்தனர். எச்சரிக்கை சென்று சேரவில்லை. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவை இருப்புப்பாதைத் துறையினர் மறப்பதற்கில்லை. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட 653-ஆம் எண் பயணிகள் வண்டி, நிலையத்தை அணுகிய வேளையில் கடல்நீரால் விழுங்கப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் வண்டியோடு மாண்டனர். தந்திக் கம்பிகளும் தொலைபேசிக் கம்பிகளும் அறுந்துவிட்டமையால் அச்செய்தி வெளியே வந்து சேர ஏறத்தாழ இரண்டு நாட்களாயின. பாம்பன் பாலத்தின் 145 இணைப்புகளுள் 126 கடலிற் சென்றன. அவற்றை மீட்டும் புதியன இட்டும் இ. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளர் 46 நாட்களில் பாலத்தைச் சீர்படுத்தினார். ஆனால் தனுஷ்கோடிக்கு மீண்டும் வண்டி செல்லவில்லை. அவ்வூர் வாழத்தகாதது என அரசினர் அறிவித்துவிட்டனர். பிற்காலத்தில் பாம்பன் பாலத்தில் காற்றை அளக்கும் கருவி வைக்கப்பட்டது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டி நிறுத்தப்படும் என்பது விதியாயிற்று. 1914-இல் திறக்கப்பட்ட அப்பழைய பாலத்திற்கு மாற்றாகப் புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டிருக்கிறது.

இனி, எச்சரிக்கை சென்று சேர்ந்து, மக்களும் அதற்கு இணங்கிய கதையையும் கூறவேண்டும். அது நமக்கு அண்டை மாநிலமாகிய ஒடிசாவின் கதை. 1999 அக்டோபர் 29-இல் பாராதீப்பை ஒட்டிக் கரையேறிய பெரும்புயல் மணிக்கு ஏறத்தாழ 260 கிலோமீட்டர் வேகத்தில் வீசிற்று. ஜகத்சிங்பூர் மாவட்டத்து எர்சமா வட்டாரத்தில் கடல் பல கிலோமீட்டர் உள்ளே சென்றது. பத்தாயிரத்தை ஒட்டிய உயிர்கள் மாண்டன. புயல் வருகிறது என்பது வானிலையாளர்க்குத் தெரியாததன்று. ஆனால் சிற்றூர்களில் ஓடி ஒதுங்க உறுதியான கட்டடங்கள் மிகச் சிலவே; சொல்லி அழைத்துச் செல்வாரும் இல்லை.

அவ்வழிவின்பின் ஒடிசா அரசினர் பேரிடர்க்கெனத் தனி ஆணையம் கண்டனர். கடலோரமெங்கும் தூண்களின்மேல் உயர்த்திய புகலிடங்களைக் கட்டினர். ஊர்தோறும் இளைஞர்களைப் பயிற்றினர். 2013 அக்டோபர் 12-இல் ‘பைலின்’ புயல் கோபால்பூரில் கரையேறியது. 1999-ஐ விடச் சிறிது குறைந்ததாயினும் அதுவும் கொடும்புயலே. இம்முறை ஏறத்தாழப் பத்து லட்சம் மக்கள் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். உயிரிழந்தோர் ஐம்பதைத் தாண்டவில்லை. 2019 மே 3-இல் பூரியைத் தாக்கிய ‘ஃபானி’ புயலுக்குமுன் வெளியேறியோர் பன்னிரண்டு லட்சம். கடல் மாறவில்லை, காற்று மாறவில்லை, கரையும் அதே கரைதான். பத்தாயிரம் பேர் மாண்ட நாட்டில் பதினான்கு ஆண்டுகளில் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. அரசினரின் திறமையோடு, ‘போ’ என்றவுடன் வீட்டையும் மாட்டையும் விட்டு எழுந்து போன ஏழை மக்களின் நம்பிக்கையும் சேர்ந்தே அதனைச் செய்தது.

அந்நம்பிக்கை எளிதில் வருவதன்று. 2024 அக்டோபரில் ‘டானா’ புயலுக்காக நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள் முன்கூட்டியே நிறுத்தப்பட்டன. கட்டணத்தைத் திருப்பிப் பெறும் சாளரத்தின்முன் நீண்ட வரிசை. நம்மவர் ஒருவர், மைத்துனியின் திருமணத்திற்குச் செல்லவேண்டியவர், நம் தமிழைக் கேட்டவுடன் உரிமையோடு சினந்துகொண்டார். “வெயில் கொளுத்துகிறது, சார். ஒரு மேகம் உண்டா? இதற்கு வண்டியை நிறுத்துவார்களா?” என்றார். அவர் சினம் நியாயமற்றது என்று கூறமாட்டோம். ஆனால் புயலுக்கு முந்திய நாளில் வானம் தெளிந்திருத்தல் உண்டு. யார்டில் நிற்கும் பெட்டிகளின் சக்கரங்களை அவ்வேளையில் சங்கிலியிட்டுத் தண்டவாளத்தோடு பிணைத்துப் பூட்டுவர். காற்றே பெட்டிகளை உருட்டிச் செல்லும் என்பதால் அவ்வாறு செய்கின்றனர். இரும்புப் பெட்டிக்கே அப்பாதுகாப்பு வேண்டுமாயின், அதனுள் அமரும் நம் பெண்டு பிள்ளைகளுக்கு வேண்டாவா? வண்டி நின்றது என்று நொந்துகொள்ளுமுன், தனுஷ்கோடி வண்டி நிற்கவில்லை என்பதை எண்ணிக்கொள்ள வேண்டுகிறோம்.

இனி, நம் குடும்பங்கள் செய்யத்தக்கன சில.

முதலாவது, வாழும் ஊரின் மொழியில் புயலின் பெயரைக் கற்றல். வங்கத்தில் ‘ஜொட்’, சுழற்புயலாயின் ‘கூர்ணிஜொட்’. கடல் பொங்கி ஏறுவதை ‘ஜலோச்சாஸ்’ என்பர்; அச்சொல் காதில் விழுந்தால் பிறிதொன்றை எண்ணவேண்டா, மேடான இடத்திற்குச் செல்லவேண்டும். ஒடியாவில் ‘பாத்யா’, தெலுங்கில் ‘துஃபான்’, இந்தியில் ‘சக்ரவாத்’ அல்லது ‘தூஃபான்’, மராத்தியில் ‘சக்ரீவாதள்’, குஜராத்தியில் ‘வாவாஜோடு’ என்ப. கன்னடத்துச் ‘சண்டமாருத’வும் மலையாளத்துச் ‘சுழலிக்காற்று’ம் நமக்கு உறவுச் சொற்களே. இத்தாளிகை பம்பாய்க்கும் விசாகப்பட்டினத்திற்கும் செல்வதால் எல்லாவற்றையும் குறித்தோம்.

இரண்டாவது, ஊர்ச் செய்தியோடு உள்ளூர்ச் செய்தியையும் கேட்டல். தமிழ்த் தொலைக்காட்சி தமிழ்நாட்டிற்குத்தான் வானிலை சொல்லும். வானிலைத் துறையினர் புயல் தாக்குவதற்கு 48 மணி நேரம் முன்னும், பின்னர் 24 மணி நேரம் முன்னும் மாவட்டவாரியாக அறிவிப்பு விடுக்கின்றனர். மஞ்சள் நிறம் கவனிக்க, ஆரஞ்சு ஆயத்தமாக, சிவப்பு உடனே செயற்பட. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘சசேத்’ என்னும் கைப்பேசிச் செயலி பல இந்திய மொழிகளில் எச்சரிக்கை தருகிறது. வண்டிகளைப் பற்றி அறிய 139 என்னும் எண் உண்டு. ஆனால் காற்று எழுந்தபின் கைப்பேசியை நம்பியிருத்தல் கூடாது. ஆம்பனின்போது நாம் அதனைக் கண்டோம்.

மூன்றாவது, காற்று திடீரென ஓய்ந்தால் வெளியே வாராதிருத்தல். அது புயலின் கண் எனப்படும் நடுப்பகுதியாக இருக்கலாம். அது கடந்தவுடன் எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் அறையும். புயல் முடிந்தது என்று எண்ணி வெளியே வந்து மாண்டோர் பலர்.

நான்காவது, சான்றிதழ்களை நீர்புகா உறையிலிட்டுப் பரண்மேல் வைத்தல். இதற்குமேல் விளக்கம் வேண்டா. நம் அனுபவமே போதும்.

ஐந்தாவதே தலையாயது. தமிழர் தமிழரோடு மட்டும் பழகி வாழ்தல் இன்பந்தான். இச்சங்கமும் அதற்காகவே இருக்கிறது. ஆயினும், நள்ளிரவில் வெள்ளம் ஏறும்போது பத்துக் கல் தொலைவிலுள்ள சங்க உறுப்பினர் வந்து கதவைத் தட்ட இயலாது. மேல்மாடியிலும் எதிர்வீட்டிலும் இருப்பவரே தட்டுவர். அவர்தம் பெயரையும், அவரை அழைக்கும் முறையையும், அவர் மொழியில் பத்துச் சொற்களையுமாவது நம் இல்லத்தார் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். ஊரிலிருந்து வந்து தங்கும் முதியோர்க்கும் இதனைக் கற்பிக்கவேண்டும். பகலில் நாம் அலுவலகத்தில் இருக்க, வீட்டில் இருப்பவர் அவர்களே.

மேற்கூறிய சொற்களை ஒரு தாளில் அச்சிட்டு உறுப்பினர் இல்லங்களுக்கு வழங்குமாறு சங்கச் செயலாளரை வேண்டிக்கொண்டிருக்கிறோம். கிடைத்தவர்கள் வாயிற்கதவின் உட்புறம் ஒட்டிவைப்பார்களாக.

அன்று பாயில் உறங்கிய குழந்தை இப்போது பள்ளி செல்கிறான். வங்கமொழி அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சென்ற வாரம் மாஷிமாவிடம், புயல் வரப்போகிறதா என்று நாம் நம் வங்காளத்தில் வினவினோம். அவன் இடைமறித்து, “அப்பா, நீங்கள் மறுபடியும் ஜுரம் என்கிறீர்கள்” என்றான். ஆறாண்டு ஆகப்போகிறது, நமக்கு அந்த மூச்சு இன்னும் வரவில்லை. அன்பர்கள் தத்தம் பிள்ளைகளைக் கேட்டுக் கற்றுக்கொள்க.